எந்தக் கம்பளியும் ஆகாது

சேரம்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பத்துக் கட்டில், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், நான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் யாராக இருந்தாலும் அவர்களுக்கு சிஸ்டர்தான். அதனால் நானும் சிஸ்டர்.

சொந்த ஊர் பொள்ளாச்சி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒருவர் வந்து, "ரெண்டு நாளா பனிங்க சிஸ்டர்" என்றார். "ஆமாங்க, இங்க நல்ல பனிதானுங்க" என்று நானும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவர் காய்ச்சலைச் சொன்னார். கேரள எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இங்கே மலையாளச் சொற்கள் தாராளமாகப் புழங்கும். பனி என்றால் அவர்களுக்குக் காய்ச்சல். நர்ஸ்கள் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் காதைத் தீட்டிக்கொண்டேன். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் டீயைத் தேத்தண்ணி என்பார்கள், வரிசை வீடுகளை லயம் என்பார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன். இந்த மலையில் யார் எதைச் சொன்னாலும் எனக்கு விளங்கும், நான் சொல்வதும் அவர்களுக்கு விளங்கும் என்று நம்பும் அளவுக்கு வந்துவிட்டேன்.

டாக்டர் வடக்கேயிருந்து வந்த பெண். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல டாக்டர். தமிழ்தான் வராது. காலையில் நோயாளிகள் பார்க்கும் நேரத்தில் அவர் இங்கிலீஷில் சொல்ல, பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்வேன். அது என் வேலை இல்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவும் இல்லை. ஒருநாள் நர்ஸ் லீவு என்று போய் நின்றேன், அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. டாக்டர் நாலு வாக்கியம் சொல்வார், நான் அதை ஒரு வாக்கியமாகச் சுருக்கி நோயாளியின் கையில் கொடுப்பேன். வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அது ஒரு திறமையாகவே தெரிந்தது.

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் அந்த அம்மா வந்தார். ஐம்பத்து நாலு வயது. இலங்கையில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். புருஷன் இறந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் குன்னூரில் ஸ்வெட்டரும் பின்னல் நூலும் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, கழுத்தைச் சுற்றியும் இரண்டு மணிக்கட்டிலும் தோல் சிவந்து தடித்துப்போய், சொறிந்து சொறிந்து நீர் கசியும் ஒரு நோயாளி. ஆஸ்பத்திரிக்கு வருவதற்காக நல்ல சேலை கட்டி, தலைசீவி, பூப்போட்ட கைக்குட்டையைக் கையில் மடித்து வைத்திருந்தார்.

டாக்டர் விளக்கை அருகே இழுத்துப் பார்த்தார். இந்தத் தோலுக்கு வுல் ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்டு ரோமத்தில் செய்த எதுவும் உடம்பில் படக்கூடாது என்றார். போர்வையோ, ஸ்வெட்டரோ, தொப்பியோ, மஃப்ளரோ, எதுவானாலும் வாங்கும்போது என்ன நூல் என்று பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சும் செயற்கை நூலும் பரவாயில்லை. கீழே ஒரு பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் நல்லது என்று நிதானமாக, விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "கம்பளி ஆகாதுங்கம்மா. உடம்புல படவே கூடாது."

அவர் முகம் மாறியது. "கம்பிளியா?"

"ஆமாங்க."

"மழ வரப்போகுதே சிஸ்டர். எந்தக் கம்பிளியும் ஆகாதுங்களா?"

அடுத்த ஆள் ஏற்கெனவே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். மருந்து ஜன்னலில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கம்பளியும் ஆகாதுங்க" என்றேன்.

அவர் களிம்பை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் கம்பளி என்றால் ஆட்டு ரோமம்தான். குறும்பாட்டுக் கம்பளி ஒன்று இருந்தது. கறுப்பு, முள்முள்ளாகக் குத்தும். மழையில் போகிறவர்கள் கோணியையோ கம்பளியையோ மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வதைக் கொங்காடை என்போம். தரையில் ஊர்கிற மயிர்ப்புழுவுக்குக் கம்பளிப்பூச்சி என்று பெயர். இப்படி எனக்குத் தெரிந்த கம்பளியெல்லாம் ரோமம் உள்ளது. டாக்டர் வுல் என்றதும் என் வாயில் கம்பளி என்று வந்ததற்கு அதுதான் காரணம். அகராதியை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். நான் சொன்னது தப்பு என்று எந்தப் பள்ளிக்கூட வாத்தியாரும் சொல்ல மாட்டார்.

தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. தோட்டத்திலிருந்து தொழிலாளிக்குக் கொடுக்கிற கனத்த போர்வைக்குப் பெயர் கம்பளி. முன்னொரு காலத்தில் அது ரோமத்தில் இருந்தது. பிறகு வந்த போர்வைகள் மில்லில் செய்த செயற்கைப் பஞ்சு. துணி மாறியது, பெயர் மாறவில்லை. மழைக்காலத்தில் ஒரு கம்பளியைக் கூம்பாக மடித்துத் தலையில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அதற்கு மேல் கூடையின் வாரை நெற்றியில் இறக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். அந்தக் கூம்புக்குக் கொங்காணி என்று பெயர். இன்னொரு கம்பளி படுக்கைக்கு. ஆனி ஆடியில் இந்தப் பக்கம் வானம் ஓட்டை விழுந்ததுபோல் கொட்டும். அந்த இரண்டு கம்பளிகள்தான் அவர்களுக்குக் கூரைக்கு அடுத்த கூரை. அவர் ஏன் இரண்டாவது தடவை கேட்டார் என்பது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மழை பிடித்து இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். அன்று டாக்டர் ஒரு கூட்டத்துக்காகக் கூடலூர் போயிருந்தார். அந்த அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். ஆம்பளைச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி மருந்து ஜன்னலின் பலகையில் விழுந்தது.

"இன்னும் கொறையலயே சிஸ்டர். கூடத்தான் இருக்கு."

"கம்பளி படலீங்களே?"

"ஐயோ, தொடவே இல்ல. சுருட்டிக் கட்டி மேல போட்டுட்டேன்."

கழுத்தைக் காட்டினார். தடிப்பு முன்பைவிட மோசமாக, காதுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. சட்டைக் காலருக்குள் சிவப்பாக ஏதோ ஓரம் தெரிந்தது. பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டேன். வுல் எதையும் தொடவில்லையாம், அப்படியும் குறையவில்லையாம் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். வேறு களிம்பு ஒன்றைச் சொல்லி, நாளைக்கு நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். நாளைக்கு வந்தால் அரை நாள் பேர், அதாவது அரை நாள் கூலி, போய்விடும் என்று அந்த அம்மா சொன்னார். சரி, முடிந்தபோது வாங்க என்று களிம்பைக் கொடுத்தனுப்பினேன். அவர் தலை நனைந்திருந்ததைப் பார்த்து, "துவட்டிக்குங்கம்மா, சளி பிடிக்கும்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

ஆடி பிறந்த வாரம், ஒரு முற்பகலில் தோட்டத்து ஜீப் வந்து நின்றது. இரண்டு பெண்கள் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மூச்சு இரைப்பது வராந்தாவிலிருந்தே கேட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் ஓடி வந்தார். ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். பழைய சீட்டில், பல வருஷம் முன்பு டி.பி. வந்து குணமானவர் என்றும் இருந்தது.

கூட வந்தவர்களில் ஒருவர் அவரோடு ஒரே வரிசையில் கொழுந்து பறிக்கிறவர். டாக்டர் அவரைப் பார்த்து என்னிடம் கேட்டார்: இவ்வளவு நனைகிற அளவுக்கு என்ன செய்தார்? தலைக்கு எதுவும் போடவில்லையா? இரவில் போர்வை இல்லையா?

நான் தமிழில் கேட்டேன்.

அந்தப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போட மாட்டேனுருச்சு. கொங்காணி போடாம எப்படிக்கா மலையில நிப்பேன்னு நாங்களும் சொல்லிப் பாத்தோம். வெறும் பிளாஸ்டிக்க மட்டும் கட்டிக்கிட்டு வரும். அது காத்துல பறக்கும். படுக்கறதுக்கும் ரெண்டு சேலையப் போத்திக்கிட்டுக் கெடந்துச்சு. ஏன்னு கேட்டா, ஆஸ்பத்திரில சிஸ்டர் எந்தக் கம்பிளியும் ஆகாதுன்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லும்."

டாக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எப்போது இங்கிலீஷில் சொல்வேன் என்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முழுக்க விளங்கவில்லை, ஆனால் நான் சொன்ன சொல் இங்கே வந்து இப்படி நிற்கிறது என்பது மட்டும் விளங்கியது. நான் டாக்டரிடம் சொன்னேன்: "சரியான போர்வை இல்லையாம்."

அவ்வளவுதான் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டி, ஏழைகள் பாவம் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் சொன்ன அத்தனையும் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி ஜீப்பில் ஏறிப் போனார்.

அந்தப் பொய்யைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் சொன்ன சொல் தெரியாமல் நடந்தது. இது தெரிந்தே செய்தது. இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கிறவள் நான் ஒருத்திதான். நான் மறைத்தால் இந்தப் பக்கத்துக்கும் தெரியாது, அந்தப் பக்கத்துக்கும் தெரியாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மகள் வந்தாள். குன்னூரிலிருந்து ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறி மாறி வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அம்மாவின் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நேராக மருந்து ஜன்னலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"எங்கம்மாகிட்ட கம்பளி போடக்கூடாதுன்னு சொன்னது நீங்களா சிஸ்டர்?"

"உங்கம்மா அதைத் தப்பா எடுத்துக்கிட்டாங்க கண்ணு. நான் உல்லன் போடக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

வாய் அவ்வளவு சுலபமாக அடுத்த பொய்யைச் சொன்னது. அவள் என்னையே பார்த்தாள்.

"உல்லன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"எங்கம்மாவுக்கு அது தெரியுமே" என்றாள். சந்தேகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னாள். பிறகு, "அம்மாவுக்கு மாத்துத் துணி எடுக்கணும். சாவி பக்கத்து ஊட்டுல இருக்காம். நீங்களும் கொஞ்சம் வர முடியுமா? அந்தக் கம்பளி என்னன்னு நீங்களே பாருங்க. தோல் சரியாகறதுக்கு என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லது" என்றாள்.

நர்ஸிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டேன்.

லயம் ஆஸ்பத்திரியிலிருந்து இருபது நிமிஷ நடை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அந்த லயத்து விலாசத்தைச் சீட்டில் எழுதியிருக்கிறேன், உள்ளே போனது அன்றுதான். ஒரு அறை, ஒரு அடுப்படி. சுவரில் ஈரம் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. முந்தின நாளிலிருந்து அடுப்பு எரியாததால் அவை காயவில்லை. பரணில் உரச்சாக்கில் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. மகள் ஸ்டூலில் ஏறி அதை இறக்கினாள். மூன்று முடிச்சு, இறுக்கமாக. பிரித்தாள். உள்ளே இரண்டு போர்வைகள், சாம்பல் நிறம், துவைத்து மடித்தவை.

அவள் ஒன்றை விரித்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். கடையில் வேலை பார்க்கிற கை. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தாள். "இதுல உல்லனே இல்லீங்களே" என்றாள். அடுப்படியிலிருந்து தீப்பெட்டி எடுத்து வந்தாள். ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, குச்சியைக் கொளுத்திக் காட்டினாள். நூல் சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி திரண்டது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம்.

"கடையில யாராச்சும் சந்தேகப்பட்டா இப்படித்தான் காட்டுவோம். ஒரிஜினல் உல்லன்னா உருகாது. முடி கருகற வாசம் வரும். ஊதினாப் பொடியாயிரும்."

ஆக, டாக்டர் ஆகாது என்று சொன்னது எதுவும் அந்த மூட்டைக்குள் இல்லை. அந்தப் போர்வைகளை அவர் தாராளமாகப் போர்த்தியிருக்கலாம். தலையில் மாட்டியிருக்கலாம். மழையில் நின்ற இத்தனை நாளும் வீணாக நனைந்திருக்கிறார்.

"அப்ப கழுத்து ஏன் சரியாகல?" என்றாள் அவள்.

எனக்கு அப்போது சட்டைக் காலருக்குள் பார்த்த அந்தச் சிவப்பு ஓரம் நினைவுக்கு வந்தது. "உங்கம்மா சட்டைக்குள்ள சிவப்பா ஒண்ணு போட்டிருந்தாங்களே, அது என்ன?"

அவள் கயிற்றுப் பக்கம் திரும்பினாள். கயிற்றின் கடைசியில், சேலைகளுக்குப் பின்னால், துவைத்துப் போட்டபடி அது தொங்கியது. குங்குமச் சிவப்பில் ஒரு கைப்பின்னல் ஸ்வெட்டர். கழுத்தை ஒட்டி ஏறும் காலர், மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் பட்டி. தடிப்பு எங்கெங்கே இருந்ததோ அந்தந்த இடம். அந்த அம்மாவுக்கு இது கம்பளி இல்லை, வெறும் ஸ்வெட்டர். அவள் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு நூல் நுனியைப் பிரித்துக் கொளுத்தினாள். முடி கருகும் வாசம் வந்தது. விரலால் தொட்டாள், சாம்பலாக உதிர்ந்தது.

"பொங்கலுக்கு நாந்தான் போட்டுக் குடுத்தேன். கடைக்கு வந்ததுலயே நல்ல நூல். அம்மாவுக்காச்சேன்னு ஒரிஜினலா எடுத்தேன்" என்றாள். "கம்பளி இல்லாத குளிருக்கு ராப்பகலா இதத்தானே போட்டிருந்திருக்கும். அப்ப நாந்தானா?"

"இல்ல கண்ணு" என்றேன். அதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள். மகள் அழும்போது உண்மையைச் சொல்வது சரியில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சாக்கு.

திரும்பி நடக்கும்போது அவளே பேசினாள். "நீங்க உல்லன்னு சொன்னாலும் அதுல எதுன்னு தெரிஞ்சிருக்காதுங்க சிஸ்டர். எங்க கடையில பின்னற நூல் எல்லாமே உல்லன்தான். பிளாஸ்டிக் நூலும் உல்லன், ஆட்டு முடியும் உல்லன். ஊட்டிக்கு வர்றவங்க கம்பளி ஸ்வெட்டர் இருக்கான்னு கேப்பாங்க, எதக் குடுத்தாலும் வாங்கிட்டுப் போவாங்க. ஒரிஜினலான்னு கேட்டாத்தான் நாங்களே பிரிச்சுச் சொல்லுவோம்."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். நான் சொன்ன பொய்யை நம்பி, அந்தப் பொய்க்கும் சேர்த்து எனக்கு ஒரு மன்னிப்பைத் தேடிக் கொடுத்தாள். மழை குடைமேல் விழுந்துகொண்டிருந்தது. அதை மறுக்காமலே ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தேன்.

டாக்டரிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். முதல் நாள் நான் சுருக்கியது, எந்தக் கம்பளியும் ஆகாது என்றது, கூட வந்த பெண் சொன்னதை மாற்றியது, மகளிடம் சொன்னது, லயத்தில் பார்த்தது எல்லாம். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போனது. அந்தச் சிவப்பு ஸ்வெட்டரைத் தான் ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் போதுமே என்றார். பிறகு, இன்றைக்கு மருந்து ஒத்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கு மூச்சு கொஞ்சம் சீராகும், நாளைக்கு அந்த அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள் என்றார். எனக்குப் பக்கத்தில் நிற்பதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை அந்த அம்மா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. மகள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பக்கத்தில் நிற்க, நான் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு சொன்னேன். டாக்டர் சொன்னது ஆட்டு ரோமத்தை மட்டும்தான். உங்கள் போர்வையில் அது இல்லை. நான்தான் அவசரத்தில் கம்பளி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். நீங்கள் இப்படிக் கிடப்பதற்கு நான்தான் காரணம் என்றேன்.

அவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"நனையறது எனக்குப் புதுசா சிஸ்டர்? பத்து வயசுலேருந்து நனையறேன். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "எம்மக நேத்து வந்து சொல்லுது, சிஸ்டர் உல்லன்னுதான் சொன்னாங்களாம், நாந்தான் வெளங்காமக் கம்பிளின்னு எடுத்துக்கிட்டேனாம். ரெண்டு தரம் கேட்டேனே. எந்தக் கம்பிளியுமான்னு கேட்டேனே. பாடசாலைக்குப் போகாதவ, சொன்னது வெளங்கலன்னு ஆக்கிட்டீங்களே."

மகள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"கேட்டீங்கம்மா" என்றேன். "ரெண்டு தடவை கேட்டீங்க. நீங்க கேட்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு. உல்லன்னு நான் சொல்லவே இல்ல. உங்க மககிட்டப் பொய் சொன்னேன்."

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அவள் என்னோடு அதன்பிறகு பேசவில்லை, அன்று மட்டுமல்ல, டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "சரி, போங்க. ஆள் காத்திருப்பாங்க" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். அந்த மாதிரி ஒரு ஆமாமை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் நடந்ததை எழுதி மேலே அனுப்பினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி மருந்து ஜன்னலை மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள். மூன்று மாதம் அப்படியே இருந்தேன். பிறகு நர்ஸ்களால் சமாளிக்க முடியாமல் டாக்டரே மறுபடி கூப்பிட்டார், ஒரு நிபந்தனையோடு. நான் எதையும் சுருக்கக் கூடாது. அவர் நாலு வாக்கியம் சொன்னால் நாலு. நோயாளி என்ன புரிந்துகொண்டார் என்பதை அவரே திருப்பிச் சொல்ல வேண்டும், நான் அதையும் அப்படியே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஐம்பது பேரைப் பார்க்கிற நேரத்தில் இப்போது முப்பத்தைந்து பேரைத்தான் பார்க்க முடிகிறது. வராந்தாவில் முணுமுணுப்பு இருக்கிறது. தோல் நோய் என்று வருகிறவர்களிடம், உடுத்துவது போர்த்துவது எல்லாவற்றையும் கையோடு எடுத்து வரச் சொல்கிறோம். சிலர் பெரிய மூட்டையாகவே கொண்டுவந்து மேஜையில் அவிழ்ப்பார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இப்போது அவருக்குக் கொஞ்சம் தமிழ் வருகிறது. "இது கொண்டு வாங்க, நான் பாக்கணும்" என்பார்.

நான் கம்பளி என்ற சொல்லைச் சொல்வதற்கு முன்னால் இன்னமும் ஒரு நொடி நிற்கிறேன். ஆட்டு முடியில் செய்தது என்று நீட்டிச் சொல்கிறேன். கேட்கிறவர்களுக்கு விநோதமாக இருக்கிறது. ஒருவர், "கம்பளின்னு சொன்னாப் போதாதுங்களா?" என்று சிரித்தார். போதாதுங்க என்றேன்.

அந்த அம்மாவின் தோல் ஒரே மாதத்தில் தேறிவிட்டது. நெஞ்சு தேறவில்லை. பழைய டி.பி. விட்டுப்போன இடத்தில் நிமோனியா இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னார். மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. தோட்டத்தில் அவரை நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பி, தேயிலைக் குச்சி நடுகிற வேலை. இத்தனை வருஷம் ஒரே வரிசையில் நின்ற பெண்களை விட்டுப் பிரிந்ததுதான் அவருக்குப் பெரிய குறை என்று கேள்விப்பட்டேன். மகள் அந்த ஸ்வெட்டரைக் குன்னூருக்கே எடுத்துப் போய்விட்டாள். அம்மாவுக்கு அதே அளவில், உருகுகிற நூலில் வேறொன்று பின்னி அனுப்பினாள்.

மாதம் ஒரு தடவை அவர் மாத்திரைக்கு வருகிறார். போன மாதம் நான் வேலை முடிந்து குவார்ட்டர்ஸுக்கு ஏறும் பாதையில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். எட்டிப் பிடித்தேன். இருவரும் சேர்ந்து ஏறினோம். முதல் வளைவில் நின்றார், நானும் நின்றேன். இரண்டாவது வளைவில் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். அவர் பையைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"டாக்டர் கண்ணுக்குக் குடுத்த சொட்டு மருந்து எரியுது சிஸ்டர். அத நிறுத்தலாமா, போடணுமா?" என்று கேட்டார்.

"எப்ப எரியுதுங்க? போட்ட உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

அவர் யோசித்துச் சொன்னார். எவ்வளவு நேரம் எரிகிறது, எந்தக் கண், பார்வை மங்குகிறதா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சொன்னார். "எனக்கு இது சரியாத் தெரியாதுங்கம்மா. நாளைக்கு டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சரி, கேட்டே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். மழை தூறத் தொடங்கியிருந்தது.